மவுத்தானது என் போன்தான்

வாப்பா உயிரோடு இருக்கும்போதே அவரை மவுத்தாக்கியவள் என்று மேலப்பாளையத்திலிருந்து சேரன்மகாதேவி வரை எனக்கு ஒரு பெயர் உண்டு. (மவுத்து என்றால் எங்களில் மரணம். வாப்பா அப்பா, உம்மா அம்மா.) அந்தப் பெயரை நான் ஒரு நாளும் ஏற்றுக்கொண்டதில்லை. இன்றைக்கு யார் கேட்டாலும் சொல்வேன், நான் பேசியது சுத்தமான தமிழ். கேட்டவர்களுக்குத்தான் காது சரியில்லை. அந்தக் காதுகளில் இரண்டு என் கணவருடையவை என்பதால் வீட்டுக்குள் மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறேன்.

அப்போது அவர் கணவர் ஆகியிருக்கவில்லை. நிச்சயம் முடிந்திருந்தது. ஜாபர், சேரன்மகாதேவிக்காரர், தோஹாவில் வேலை. அவருக்கு லீவு கிடைத்ததும் கல்யாணத் தேதி குறிப்பதாகப் பேச்சு. அதுவரை போனில் பேசிக்கொள்ள இரண்டு வீட்டிலும் அனுமதி. (நான் பேசும்போது உம்மா அதே அறையில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார். எங்கள் வீட்டில் அவ்வளவு வெங்காயம் வேறு எந்தக் காலத்திலும் செலவானதில்லை.)

கோளாறு மாப்பிள்ளையிடம் இல்லை, போனில் இருந்தது. சவூதியில் இருக்கும் மாமா மகன் தனக்குப் புதுசு வாங்கிக்கொண்டு, பழசை என் தலையில் கட்டிவிட்டுப் போனான். மேலப்பாளையத்தில் எங்கள் தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பவை. உள்ளே வந்தால் எந்த சிம்முக்கும் சிக்னல் கிடையாது. முன்னறையில் மாட்டியிருந்த வைஃபை டப்பாதான் கதி. இந்தப் போனுக்கோ, திரை அணைந்து உறக்கத்துக்குப் போனதும் வைஃபையை உதறிவிடுகிற புத்தி. பொத்தானை அழுத்தி எழுப்பினால் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி மறுபடி ஒட்டிக்கொள்ளும். இடையில் வந்த செய்திகள் எல்லாம் அப்போது மொத்தமாக வந்து கொட்டும். செட்டிங்ஸில் ஓர் இடத்தில் மாற்றினால் உறங்கும்போதும் வைஃபை நிற்கும் என்றார்கள். மாற்றினேன். அதற்குப் பிறகும் நிம்மதியாக உறங்கியது.

ஜாபருக்கு இது எதுவும் தெரியாது. அவர் கூப்பிடும்போதெல்லாம் நான் கிடைக்கவில்லை என்பது மட்டும்தான் தெரியும். ஒரு நாள் கேட்டேவிட்டார்.

“உங்களுக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டம் இல்லன்னா வெளிப்படையாச் சொல்லிருங்க. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்.”

எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இந்தச் சனியன் பிடித்த போனால் நல்ல மாப்பிள்ளை கைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்தேன். (ஆமாம், பிடித்திருந்தது. உம்மாவின் வெங்காயத்துக்குப் பயந்து அதைச் சொல்லவில்லை.)

மறுநாள் வாப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். மாமா காலையிலேயே பாளையங்கோட்டைக்குக் கூட்டிப் போனார். நான் வீட்டில் உட்கார்ந்து, இன்றைக்கு விளக்கிவிடுவது என்று ஜாபருக்குப் பேசிப் பதிவு செய்தேன். உங்கள் மேல் கோபம் இல்லை, இந்தப் போன் உறங்கினால் வைஃபையை விட்டுவிடும், நீங்கள் கூப்பிடுவதே எனக்குத் தெரியாது என்று பள்ளிவாசல் பிரசங்கம் மாதிரி நீளமாக ஒரு பயான். அது போய்ச் சேராமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அதற்குள் திரை அணைந்துவிட்டது. மறுபடி எழுப்பினேன். கடுப்பில் சுருக்கமாக இன்னொன்று பேசினேன்.

“இந்தா, இப்பவும் மவுத்தாயிட்டு. காலைலேருந்து எத்தன தடவ எழுப்புதேன், கண்ணத் தொறந்து தொறந்து மூடுது. இனிமே கூப்பிட்டுப் பிரயோசனம் இல்ல.”

சின்னது என்பதால் இது சிட்டாகப் பறந்துவிட்டது. பெரியது சுற்றிக்கொண்டே இருக்க, போன் மறுபடி உறங்கியது. நான் அதை பிரிட்ஜ் மேல் எறியாத குறையாக வைத்துவிட்டு, வாப்பாவுக்குக் கஞ்சி காய்ச்சப் போனேன்.

தோஹாவில் ஜாபர் இதைக் கேட்டிருக்கிறார். வாப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்பது அவருக்குத் தெரியும். கண்ணைத் திறந்து திறந்து மூடுது, மவுத்தாயிட்டு, இனிமேல் கூப்பிட்டுப் பிரயோசனம் இல்லை. பதறிப்போய் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். என் போன் உறக்கத்தில். வாப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார், கண்ணுக்கு ஆகாது என்று மாமா வாப்பாவின் போனை அணைத்து வைத்திருந்தார். உம்மாவின் பொத்தான் போனுக்கு வீட்டுக்குள் சிக்னல் இல்லை. கடைசியில் அழுதுகொண்டே அவருடைய உம்மாவைக் கூப்பிட்டுவிட்டார்.

இது எதுவும் தெரியாமல் வாப்பா சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு கறுப்புக் கண்ணாடியோடு சுகமாக வந்து இறங்கினார். மாமா வாசலிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். வாப்பா முன்னறையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு வேன் நின்றது.

முதலில் இறங்கியவர் ஜாபரின் பெரியவாப்பா. சேரன்மகாதேவியில் அரிசிக்கடை வைத்திருப்பவர், ஜமாஅத்தில் பெரிய தலை. வாசற்படியிலேயே தலையைக் குனிந்துகொண்டு, மவுத்து வீட்டில் சொல்லும் “இன்னா லில்லாஹி...”யை ஆரம்பித்தார்.

வாப்பாவுக்குக் கண்ணும் சரியாகத் தெரியவில்லை, வாசகமும் சரியாகக் காதில் விழவில்லை. “வ அலைக்கும் ஸலாம். வாங்க சம்பந்தி, உள்ள வாங்க” என்றார்.

பெரியவாப்பா அப்படியே நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். பின்னால் வந்த மாமி, அதாவது ஜாபரின் உம்மா, எதையும் பார்க்காமல் நேராக ஓடிப்போய் என் உம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். கல்யாணம் நின்றுபோய்விட்டது போல என்று நினைத்து உம்மாவும் அழுதார். இரண்டு பேரும் அழுவதைக் கேட்ட வாப்பா, மாப்பிள்ளைக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று எழுந்து நின்றுவிட்டார்.

“யாரு மவுத்து? சொல்லுங்க, யாரு?”

“நீங்கதான்” என்றார் பெரியவாப்பா.

வேனிலிருந்து ஓர் அண்டாச் சோறும் இறங்கியது. மவுத்தான வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்களே என்று அவ்வளவு அவசரத்திலும் ஆக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். (நல்ல மனிதர்கள். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.)

ஜாபருக்கு நான் பேசி அனுப்பியதிலிருந்துதான் இத்தனையும் என்று விளங்கியதும் பெரியவாப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. பாதி ஊருக்குச் சொல்லிவிட்டு வந்திருந்தார் பாவம்.

“பெத்த வாப்பாவப் பாத்து இப்பிடி ஒரு வார்த்தை சொல்லுத புள்ள, நாளைக்கு எங்க வீட்ல வந்து என்ன சொல்லாது? எல்லார்ட்டயும் மாப்பு கேக்கட்டும். அப்பறந்தான் தேதி பேச்சு.”

உம்மா என் கையைக் கிள்ளினார். “ஏளா, ஒரு வார்த்தை கேட்டுருளா. கல்யாணம் நின்னுறப் போவுது.”

நின்றுவிடும் என்று எனக்கும் தெரியும். ஆனால் செய்யாத தப்புக்கு மாப்பு கேட்டுக்கொண்டு ஒரு வீட்டுக்குள் போனால், அங்கே போய்க் காலமெல்லாம் அதையேதான் செய்துகொண்டிருக்க வேண்டும்.

“கேக்க மாட்டேன்” என்றேன். “நான் பேசுனத மொதல்ல ஒழுங்காக் கேளுங்க.”

மாமியின் போனுக்கு ஜாபர் அனுப்பியிருந்த என் பதிவை எல்லார் முன்னாலும் ஓடவிட்டார்கள். முடிந்ததும் நான் பெரியவாப்பாவைப் பார்த்துக் கேட்டேன்.

“நான் என்ன சொன்னேன்? மவுத்தாயிட்டு. மூடுது. எங்க வாப்பாவா இருந்தா மவுத்தாயிட்டாவன்னு சொல்ல மாட்டேனா? கண்ண மூடுதாவன்னு சொல்ல மாட்டேனா? பெத்த வாப்பாவ ‘அது’ங்குத புள்ளையாவா என்னை வளத்திருக்காவ?”

கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு வாப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணுக்கு ஆகாது என்று உம்மா அதட்டினார்.

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். “புள்ள சொல்லுதது சரிதானே. நாமளும் அவன் சொன்னதத்தான் கேட்டோம், அவ சொன்னத யாரு கேட்டா? இந்தப் பய தோஹாவுக்குப் போயி மட்டு மரியாதையெல்லாம் மறந்துட்டான்.”

நான் உள்ளே போய்ப் போனை எழுப்பினேன். காலையிலிருந்து சுற்றிக்கொண்டிருந்த அந்த நீளமான செய்தி அப்போதுதான் போய்ச் சேர்ந்தது. கொஞ்ச நேரத்தில் ஜாபரிடமிருந்து பதில்.

“அல்ஹம்துலில்லாஹ். அப்ப எம்மேல கோவம் இல்லையா?”

(வாப்பா எப்படி இருக்கிறார் என்று அதற்கு அடுத்த செய்தியில்தான் கேட்டார்.)

அண்டாவை எல்லாருமாக உட்கார்ந்து காலி செய்தோம். வாப்பா தன் மவுத்துச் சோற்றைத் தானே இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். சாப்பாட்டுக்கு நடுவிலேயே தேதியும் முடிவாகிவிட்டது. பெரியவாப்பா மட்டும் என் பக்கம் திரும்பாமலே சாப்பிட்டார், திரும்பாமலே வேனில் ஏறினார். கல்யாணத்துக்கு வந்து எங்களுக்காகக் கையேந்தி துஆ செய்தார், ஆனாலும் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை.

நான் சேரன்மகாதேவிக்கு வந்த பிறகு, இந்த வீட்டில் பழுதாகும் சாமான்களுக்கெல்லாம் மரியாதை கூடிவிட்டது. “மிக்ஸி மவுத்தாயிட்டாவ” என்பார் மாமி. “மோட்டார் காலைலேருந்து கண்ணத் தொறக்க மாட்டேங்காவ” என்று ஜாபர் தோஹாவிலிருந்து லீவில் வரும்போது தோட்டத்திலிருந்து கத்துவார். பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் விழித்தார்கள், இப்போது அவர்களும் அப்படியே பேசுகிறார்கள்.

போன மாதம் பெரியவாப்பா வீட்டுக்கு வந்தார். மாமியைத் தேடவில்லை, ஜாபரைக் கேட்கவில்லை. நேராக நான் இருந்த இடத்துக்கு வந்து, தன் புதுப் போனை என் கையில் வைத்தார். கண்கள் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தன.

“மவளே, இவுஹ உறங்குனா வைஃபைய விட்டுருதாவ. கொஞ்சம் என்னன்னு பாரு.”

பார்த்துக் கொடுத்தேன். அந்த மாப்பை நான் ஏற்றுக்கொண்டேன் என்பதை அவருக்குச் சொல்லவில்லை.