கம்பி கட்டிய டேலியா

எனக்கு ரசனை உண்டு என்று இந்த உலகத்தில் நம்பிய ஒரே ஆள் நான்தான். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கள்ளக்குறிச்சியில் ஒரு செல்போன் கடையில் வேலை. கடையில் கூட்டமில்லாத நேரமெல்லாம் வீட்டுத் தோட்ட வீடியோவாகப் பார்த்துத் தள்ளுவேன். 'குளிர்காலத் தோட்டத்தைப் பார்த்தாலே அந்த வீட்டுக்காரனின் ஸ்டைல் தெரிய வேண்டும்' என்றார் அதில் கம்பளிக் குல்லா போட்ட ஒருத்தர். (அவர் ஊரில் பனி கொட்டுகிறது. எங்கள் ஊரில் தை மாசத்திலும் பத்து மணிக்கே மண்டை காய்கிறது. இது எனக்கு உறைக்கவே இல்லை.)

எங்கள் வீட்டு வாசலில் அம்மாவின் தோட்டம் இருந்தது. உடைந்த பிளாஸ்டிக் குடம், பெயின்ட் டப்பா, அடி போன அண்டா என்று எல்லாவற்றிலும் டிசம்பர் பூச்செடி. மழை விட்டதும் ஆரம்பித்தால் தை வரைக்கும் ஊதா ஊதாவாகப் பூத்துத் தள்ளும். எனக்கோ அதைப் பார்த்தாலே மானம் போகும். பெயின்ட் டப்பாவில் ஸ்டைல் எங்கே வரும்?

அந்தச் சமயத்தில்தான், பொங்கல் முடிந்த வாரம், சின்னசேலத்திலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். ஏற்கெனவே நாலு கும்பல் வந்து, பஜ்ஜி தின்று, "போய் சொல்லி அனுப்புறோம்" என்று போனது போனதுதான். ஆனால் இந்த மாப்பிள்ளையை அக்காவுக்கு ரொம்பவே பிடித்துவிட்டது. போட்டோவைப் பார்த்ததிலிருந்து ரெண்டு நாளாகத் தானாகவே சிரித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா சரி என்றால் போதும், முடிந்தது.

"வாசலப் பாத்ததுமே அவங்க அசந்துடணும்" என்று நான் தோட்டத்தைக் கையில் எடுத்தேன். (எவன் கேட்டான்?)

கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் குடியிருந்த என் நண்பன் வீட்டில் டேலியா பூத்துக் கிடந்தது. ஒவ்வொரு பூவும் சோத்துத் தட்டு சைஸ். அம்மாவின் டப்பாக்களை பாத்ரூமுக்குப் பின்னால் கடத்திவிட்டு, பன்னிரண்டு தொட்டி டேலியாவை லோடு ஆட்டோவில் இறக்கினேன். மலை வளைவிலேயே பாதி இதழ் உதிர்ந்தது. மீதி எங்கள் ஊர் வெயிலைப் பார்த்து மூன்றே நாளில் தலையைத் தொங்கப் போட்டது.

"இன்னாடா இது, செடியெல்லாம் சுரம் வந்தாப்புல நிக்குது?" என்றாள் அம்மா.

"செட் ஆவ டைம் எடுக்கும்மா."

"நாளைக்கு வராங்கடா பாவி!"

மூளை உள்ளவன் டப்பாக்களைத் திரும்ப எடுத்து வைத்திருப்பான். நான் கடைத்தெருவுக்கு ஓடி இரண்டு டஜன் பிளாஸ்டிக் டேலியா வாங்கி வந்து, வாடிய காம்பிலெல்லாம் கம்பி சுற்றிக் கட்டினேன். மேலே தண்ணீர் தெளித்தேன். அசல் தோற்றது! அத்தோடு நிறுத்தித் தொலைத்திருக்கலாம். வாசனை இல்லையே என்று என் பாடி ஸ்ப்ரேயையும் அடித்தேன். (சத்தியமாக அடித்தேன்.)

மறுநாள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா வாசலிலேயே நின்று, "யப்பா, இன்னா பூவு!" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளே போய் அக்காவோடு பத்து நிமிஷம் பேசினார். பிடித்துவிட்டது. "இன்னிக்கே பூ வச்சி முடிச்சிடலாங்க" என்றார்.

அம்மா மல்லிப்பூவை எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தாள்.

"கடைப் பூ எதுக்குங்க? வாசல்ல மகாலட்சுமியாட்டம் பூத்துக்கினு நிக்குது. என் கையாலயே ஒண்ணு பறிச்சி வைக்கிறேன்."

"வேணாங்க, அதுல எறும்பு ஜாஸ்தி!" என்று குறுக்கே பாய்ந்தேன். அந்தம்மா பறித்தார். வரவில்லை. இழுத்தார். தொட்டியும் சேர்ந்து வந்தது. ஓங்கி ஓர் இழுப்பு. பூ, கம்பி, காம்பு எல்லாம் கையோடு வந்தது.

கம்பியைப் பார்த்தார். பூவை முகர்ந்தார். அப்புறம் குனிந்து என் சட்டையை முகர்ந்தார்.

"தம்பி, பூவும் நீங்களும் ஒரே வாசனையா இருக்கீங்களே?"

அக்காவின் கண் நிறைந்துவிட்டது.

"பூவே இப்படின்னா, பொண்ணாவது ஒரிஜினலா?" என்று அக்காவின் நீளப் பின்னலைப் பார்த்தார் அந்தம்மா.

அக்கா நிமிர்ந்தாள். "பின்னல்ல கீழ ஒரு முழம் சவுரிங்க. மத்ததெல்லாம் என்னுதுதான். இவனும் என் கூடப் பொறந்தவன்தான், அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அந்தம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என் கொண்டை மட்டும் இன்னா, முக்கால்வாசி கடையில வாங்குனதுதான்! இந்த வூட்ல நெசமா பூக்குற பூ ஏதாச்சும் இருக்குதா?"

அம்மா அவரை பாத்ரூமுக்குப் பின்னால் கூட்டிப்போனாள். நான் நாடு கடத்திய டப்பாக்களெல்லாம் கொள்ளையாகப் பூத்து நின்றன. அங்கேயே பறித்து, அங்கேயே நின்று கட்டி, அக்காவின் தலையில் வைத்தார். (முடியிலா, சவுரியிலா என்று யாரும் பார்க்கவில்லை.)

அந்தப் பிளாஸ்டிக் டேலியா இன்றும் சின்னசேலத்தில் அக்கா வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அக்காவின் மாமியார் குரல் கொடுப்பார்: "தோட்டக்காரரு வந்துட்டாரு, பூவுக்குத் தண்ணி ஊத்துங்க!"

போன வருஷம் எனக்குப் பெண் பார்க்க மணலூர்பேட்டைக்குப் போனோம். அவரும் வந்திருந்தார். பெண்ணின் அப்பா தயங்கித் தயங்கி, "பையன் எப்படிங்க?" என்று அவரிடம்தான் கேட்டார். அவர் எட்டி என் மீசையைப் பிடித்து, சபையிலேயே ரெண்டு இழுப்பு இழுத்தார்.

"ஒரிஜினல்தாங்க. கம்பி கட்டல."