ராணி வேண்டாத சிப்பாய் மேடம்

செஸ் ஆடுகிறவர்களில் இரண்டே வகைதான். ராணியைக் காப்பாற்றப் பாடுபடுகிறவர்கள் ஒரு வகை. ராணியை எப்போது தொலைக்கலாம் என்று காத்திருப்பவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகையில் உலகத்திலேயே ஒருவர்தான் உண்டு. அவர் வேங்கிக்காலில், எங்கள் ஆபீசில், எனக்கு எதிர் மேஜையில் சூப்பரின்டெண்டெண்டாக இருந்தார். அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். எங்களுக்கு அவர் சிப்பாய் மேடம்.

மத்தியானம் டிபன் பாக்ஸைக் கழுவி வைத்ததும் போர்டை விரிப்பார். ஆட்டம் சூடு பிடிப்பதற்குள் தன் ராணியை நம் ராணிக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தி, காபி வேண்டுமா என்று கேட்கிற குரலில், "வெட்டிக்கலாங்களா?" என்பார். நாம் ஒதுங்கினால் துரத்துவார். வெட்டிக்கொண்டால் முகம் மலர்ந்துவிடும். போர்டில் இரண்டு ராஜாவும் நாலைந்து சிப்பாய்களும் மிஞ்சிய பிறகுதான், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்தே உட்காருவார்.

அதற்குப் பிறகு அவருடைய ராஜா நடக்க ஆரம்பிக்கும். ஊரில் எல்லோரும் ராஜாவைப் பத்திரமாக ஒளித்து வைப்பார்கள். இவருடையது போர்டு முழுக்கச் சுற்றும். "மேடத்தோட ராஜா கிரிவலம் கிளம்பிடுச்சு" என்று யாராவது சொன்னால், அன்றைக்கு அந்த எதிராளியை நம்பி எந்த வேலையும் கொடுக்க முடியாது என்று அர்த்தம். பாதிப் பேர் திறமையில் தோற்றோம். மீதிப் பேர் தூக்கத்தில் தோற்றோம்.

மற்ற விஷயங்களிலும் அப்படித்தான். சினிமாவை இடைவேளைக்குப் பிறகுதான் பார்ப்பார். முதல் பாதியில் வருகிறவர்கள் எப்படியும் செத்துவிடுவார்கள், அவர்களோடு எதற்குப் பழக்கம் என்பது அவர் வாதம். கல்யாணத்தில் கடைசிப் பந்தி. பந்தியில் முதலில் மோர் கேட்பார்.

புதிதாக வந்த எங்கள் அதிகாரிக்கு இந்தக் கிரிவலம் பிடிக்கவில்லை. ஒருநாள் போர்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். மேடம் போய்க் கெஞ்சினார். அதிகாரி கல்லூரி நாளில் செஸ்ஸில் கோப்பை வாங்கியவர். அந்த வாரம் ஊருக்கு வந்திருந்த ஓர் இளம் கிராண்ட்மாஸ்டர், ஒரு கல்யாண மண்டபத்தில் பல பேரோடு ஒரே நேரத்தில் ஆடப்போவதாக ஏற்பாடு. "நானும்தான் ஆடறேன். நீங்களும் வாங்க. அவர்கிட்ட தோக்காம எழுந்து வந்தா சாவியத் தரேன்" என்றார். தரவே வேண்டியிருக்காது என்ற தைரியம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கிராண்ட்மாஸ்டர் ஒவ்வொரு போர்டாக நடந்துகொண்டே ஆடினார். அதிகாரியின் கோப்பை பத்து மணிக்கெல்லாம் கவிழ்ந்துவிட்டது. கைகொடுத்துவிட்டு மேடத்தின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

அங்கேதான் அந்த அற்புதம் நடந்தது. கிராண்ட்மாஸ்டர் தன் ராணியைத் தூக்கி மேடத்தின் ராஜாவுக்குப் பக்கத்தில் செக் சொல்லி வைத்தார். வெட்டுவதைத் தவிர வழியில்லை. ராஜா வெட்டியது. உடனே கிராண்ட்மாஸ்டரின் குதிரை ஒரு சிப்பாயைத் தின்றபடி குதித்து, ராஜாவுக்குச் செக்கும் ராணிக்குக் குறியும் சேர்த்து வைத்தது. ராஜா ஒதுங்க, ராணி போனது. ராணிக்கு ராணி சரியாகிவிட்டது, ஒரு சிப்பாய் கிராண்ட்மாஸ்டருக்கு லாபம். மண்டபமே கைதட்டியது. அதிகாரி தலையில் கைவைத்தார்.

மேடம் முந்தானையைச் செருகிக்கொண்டு அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார். "ராணி ரெண்டும் போயிடுச்சுங்க சார். இனிமே ஆடலாம்."

ஆடினார். மற்ற போர்டுகள் ஒவ்வொன்றாக முடிந்தன. கடைசியில் கிராண்ட்மாஸ்டர் நடப்பதை விட்டு நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டார். சாயங்கால ரிசப்ஷனுக்குப் பூக்காரர்கள் வந்தார்கள், சமையல் ஆட்கள் வந்தார்கள், பெண்ணின் அப்பாவும் வந்துவிட்டார். எப்போது முடியும் என்று தயங்கிக் கேட்டார். மேடம் தலையைத் தூக்காமல், "இன்னும் சிப்பாய் ஜாஸ்தியா இருக்குதுங்க" என்றார். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, எங்களுக்கெல்லாம் காபி கொடுக்கச் சொன்னார்.

பிறகு மேடம் ஒரு காரியம் செய்தார். தன்னிடம் மிஞ்சியிருந்த ஒரே குதிரையைக் கொடுத்து ஒரு சிப்பாயை வெட்டினார். இப்போது கிராண்ட்மாஸ்டரிடம் ஒரு மந்திரி, ஓரத்தில் ஒரு சிப்பாய். மேடத்திடம் ஒற்றை ராஜா. அது பொடிநடையாக நடந்து, அந்தச் சிப்பாய் போய்ச் சேர வேண்டிய மூலைக் கட்டத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அந்த மூலை கறுப்புக் கட்டம். அவருடைய மந்திரியோ வெள்ளைக் கட்டத்தில் மட்டும் ஓடுகிற ஜாதி. ராஜாவை அங்கிருந்து அதனால் கிளப்பவே முடியாது. நெருக்கிப் பிடித்தால் ராஜாவுக்கு நகர இடமில்லாமல் ஆட்டம் டிராவாகிவிடும். கிராண்ட்மாஸ்டர் கொஞ்ச நேரம் பார்த்தார். சிரித்துவிட்டுக் கை நீட்டினார்.

"எப்பலேர்ந்துங்க மேடம் இந்த மூலையப் பாத்துட்டு இருந்தீங்க?"

"மூலைய மட்டும்தாம்பா பாத்தேன். நடுவுல நீ பண்ணது ஒண்ணுமே எனக்குப் புரியல."

பெண்ணின் அப்பாதான் முதலில் கைதட்டினார், மண்டபம் கிடைத்த சந்தோஷத்தில். அதிகாரி அங்கேயே சாவிக் கொத்திலிருந்து சாவியைக் கழற்றிக் கொடுத்தார். நாளைக்கு மத்தியானம் தனக்கும் ஓர் ஆட்டம் வேண்டும் என்று மெதுவாகக் கேட்டார். மேடம் பெரிய மனதோடு ஒப்புக்கொண்டார்.

அவருக்கு வீடு கீழ்பென்னாத்தூரில். என் ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாண்டுக்கு அழைத்துப் போனேன். வீட்டுக்காரர் ஜெயித்தாயா தோற்றாயா என்று கேட்பார், டிரா என்றால் என்னவென்று விளக்கி முடிப்பதற்குள் தூங்கிவிடுவார் என்று கவலைப்பட்டார். ஆகவே என்னிடம் விளக்கினார், கடைசி நகர்த்தலில் ஆரம்பித்துப் பின்னோக்கி. குதிரையைக் கொடுத்த இடம் வருவதற்குள் பஸ் வந்துவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து, கம்பிக்கு வெளியே விரலை நீட்டி ராஜா எப்படிப் போனது என்று காற்றில் காட்டிக்கொண்டே இருந்தார்.

அடுத்த பஸ்ஸில் போகச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. அந்த பஸ் திரும்பி மறையும்வரை, புரிந்ததுபோல் தலையாட்டிக்கொண்டே நின்றேன்.