அமானித வண்டி

சைகோனிலிருந்து திரும்பி வந்த நாற்பதாம் நாள் முத்து முகம்மது ஒரு முடிவுக்கு வந்தார். இந்த உலகத்தில் தனக்கென்று ஒரு பொருள் வேண்டும். சின்னப் பொருள் அல்ல. யாரும் தூக்கி ஓரமாக வைத்துவிட முடியாத பொருள்.

அவர் இருந்த வீடு மனைவி நபீசாவினுடையது. அதில் அவமானம் ஒன்றும் இல்லை. காரைக்காலில் அவர்கள் தெருவில் எல்லா வீடுகளும் பெண்களுடையவைதான். பெண்ணுக்கு வீட்டைக் கொடுத்து, மாப்பிள்ளையை ஒரு டிரங்குப் பெட்டியோடு வரவழைத்துக்கொள்வது அங்கே வழக்கம். மற்ற மாப்பிள்ளைகளுக்கு அது பழகிப்போயிருந்தது. முத்து முகம்மதுவுக்குப் பழகச் சந்தர்ப்பமே வாய்க்கவில்லை. கல்யாணமான நாலாம் மாதம் கப்பல் ஏறியவர், பத்தொன்பது வருஷத்தில் நாலே தடவைதான் வந்து போனார். வந்தபோதெல்லாம் விருந்தாளி. இந்தத் தடவை அங்கே கடையை மூடிவிட்டு ஒரேயடியாக வந்து சேர்ந்தார். விருந்தாளி மரியாதை முதல் வாரத்தோடு தீர்ந்தது.

"கொஞ்சம் காலைத் தூக்குங்க, பெருக்கணும்."

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க, நெல்லு காயப் போடணும்."

"அந்தப் பக்கம் உக்காராதீங்க, அங்கதான் வெயிலு வருது."

வீடு, தலத்தெருவில் தென்னந்தோப்பு, விழிதியூரில் கொஞ்சம் நிலம் எல்லாவற்றையும் பத்தொன்பது வருஷமாக நபீசா ஒருத்தியே நடத்தி வந்தாள். நன்றாகவும் நடத்தினாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. மோசமாக நடத்தியிருந்தால் திருத்தவாவது செய்யலாம்.

சைகோனில் சேர்த்த பணம் அவர் டிரங்குப் பெட்டியில் இருந்தது. "ஒரு வருசம் அதைத் தொடாதீங்க. ஊரு நெலவரம் பாத்துக்கிட்டு ஒரு கடை வைக்கலாம். என்னைக் கேக்காம எடுக்க மாட்டேன்னு சொல்லுங்க" என்றாள் நபீசா. அவரும் சொன்னார். சொல்லி இருபது நாள் தாண்டவில்லை, திருச்சிக்குப் போய் மிலிட்டரி ஏலத்தில் ஒரு டிரெய்லரை எடுத்துவிட்டார்.

சாதாரண டிரெய்லர் இல்லை. யுத்தத்துக்குப் போய் வந்தது. இரும்புத் தொட்டி, ஆள் இடுப்பு உயரத்துக்கு நாலு டயர், நாலு மாட்டுவண்டி மண்ணை ஒரே மூச்சில் வாங்கும். பக்கத்தில் ஒரு கைப்பிடி. அதைச் சுற்றச் சுற்றத் தொட்டியின் முன்பக்கம் மேலே எழும்பும், பின்கதவு திறக்கும், மண் முழுக்கத் தானாகச் சரிந்து விழும். கூடையும் வேண்டாம், மண்வெட்டியும் வேண்டாம். மண்டபத்தூருக்குப் புது ரோடு போட மேடு உயர்த்திக்கொண்டிருந்தார்கள். டிராக்டர் ஒன்றும் சேர்ந்துவிட்டால் மண் அடிக்கிற வேலை முழுவதும் தனக்குத்தான் என்று கணக்குப் போட்டார்.

டிராக்டர் விழிதியூர் சோமசேகரனிடம் இருந்தது. கூட்ஸ் வண்டியில் வந்து இறங்கிய டிரெய்லரை அவர்தான் ஸ்டேஷனிலிருந்து இழுத்து வந்தார். தெருவுக்குள் அது நுழையவில்லை. ஊரிலே அதை நிறுத்த ஒரே இடம் நபீசாவின் தென்னந்தோப்பு. முத்து முகம்மது இதை மட்டும் யோசிக்க மறந்திருந்தார். தனக்கென்று பொருள் வாங்கியவருக்கு அதை வைக்கத் தனக்கென்று இடம் இல்லை.

நபீசா தோப்புக்கு வந்து பார்த்தாள். சக்கரம் மணலில் அரை அடி புதைந்திருந்தது.

"இது யாரோடது?"

பதில் சொல்ல வாயெடுத்தார். கொடுத்த வாக்கு ஞாபகம் வந்தது.

"நம்ம லத்தீபோடது."

அப்துல் லத்தீப் அவருக்குச் சிறு வயதிலிருந்து கூட்டாளி. துணி எடுக்க மெட்ராஸ் போயிருந்தான். வர மூன்று வாரம் ஆகும். அதற்குள் ரோட்டு வேலையில் நாலு காசு பார்த்துவிட்டு மெல்ல உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்பது திட்டம்.

"நம்மகிட்ட எதுக்கு விட்டுருக்காங்க?"

"வர்ற வரைக்கும் பாத்துக்கச் சொன்னான்."

"அப்ப அமானிதம்" என்றாள் நபீசா. "ஓலையப் போட்டு மூடிடுவோம்."

அந்த ஒரு சொல்லில் அவர் மாட்டிக்கொண்டார். ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருள் அமானிதம். அதைத் திருப்பிக் கொடுக்கும்வரை காக்கலாம், பயன்படுத்தக் கூடாது. இந்த விஷயத்தில் முத்து முகம்மதுவுக்குச் சைகோன் முழுக்கப் பேர் இருந்தது. ஊருக்கு வருகிறவரிடம் எத்தனையோ பேர் நகையும் பணமும் கொடுத்தனுப்புவார்கள். ஒரு பொட்டலத்தின் முடிச்சைக்கூட அவர் தளர்த்தியதில்லை. நபீசா அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஒரே விஷயம் அதுதான்.

பத்து நாள் போனது. ரோடு ஓவர்சீயர் சொல்லிவிட்டார்: வருகிற திங்கட்கிழமை வண்டி வராவிட்டால் வேலை மாட்டுவண்டிக்காரர்களுக்குப் போய்விடும்.

"நபீசா, லத்தீபு நம்மளை ஓட்டிக்கச் சொன்னான். நான்தான் சொல்ல மறந்துட்டேன்."

"ஓட்டலாமே. அவங்க வந்து வாயால சொல்லட்டும்."

"எனக்குத்தான் சொன்னானே."

"நீங்க பொய் சொல்வீங்கன்னு நான் சொல்லல. அமானிதம் பாருங்க, நாளைக்கு மறுமையில கேள்வி உங்களைத்தான் கேப்பாங்க, என்னை இல்ல."

வண்டியைச் சுற்றி வருவதோடு அவர் நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. ஓலை இடுக்கு வழியாக டயரைத் தொட்டுப் பார்ப்பார். மழை பெய்தால் துருப்பிடிக்குமே என்று மனசு அடித்துக்கொள்ளும். சொந்தப் பொருளின் முன்னால் திருடனைப் போல நிற்பது சங்கடமான காரியம். ஒரு பொய்க்கு இவ்வளவு எடை இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

நல்லவேளையாக லத்தீப் சனிக்கிழமையே வந்து இறங்கினான். முத்து முகம்மது ஸ்டேஷனிலேயே மடக்கி, பாடத்தை ஒப்பிக்க வைத்து, வீட்டுக்குக் கூட்டி வந்தார். நபீசா கதவுக்குப் பின்னால் நின்றபடி பேசினாள்.

"அண்ணே, உங்க வண்டி பத்திரமா இருக்கு."

"ஆமாம்மா, சந்தோசம். முத்து வேணுங்குற வரைக்கும் ஓட்டிக்கட்டும்மா. நான் சொல்லிட்டேன்."

"சும்மா குடுத்தா நல்லா இருக்காதுண்ணே. அவ்வளவு பெரிய பொருளு. எங்களுக்கே வித்துடுங்களேன்."

லத்தீப் திரும்பி நண்பனைப் பார்த்தான். முத்து முகம்மதுவின் முகம் மலர்ந்துவிட்டது. தானாகப் பழம் மடியில் விழுகிறது. சரி என்று சொல்லும்படி கண்ணைக் காட்டினார்.

"அதுக்கென்னம்மா, தாராளமா."

"அப்ப ஏங்க, அந்த சைகோன் பணத்தை எடுத்துட்டு வாங்க. அண்ணன் கையில இப்பவே குடுத்துடுவோம்."

முத்து முகம்மது எழுந்து உள்ளே போனார். போகாமல் என்ன செய்வது? டிரங்குப் பெட்டியைத் திறந்து அதன் முன்னால் உட்கார்ந்தார். இரண்டு கைலி, ஒரு கோட்டு, பழைய பாஸ்போர்ட்டு. பத்தொன்பது வருஷம் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டது, கடை மாடியில் படுத்துக் கிடந்தது, பெருநாளைக்குக்கூட ஊர் வராமல் மிச்சம் பிடித்தது எல்லாம் இப்போது தென்னை ஓலைக்கு அடியில் நிற்கிறது. அதையும் தன்னுடையது என்று சொல்ல வாயில்லை. பெட்டியை மூடினார். திரும்பி வந்து வாசற்படியருகே நின்றார்.

"பணம் இல்ல நபீசா. வண்டி என்னோடது."

லத்தீப் செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பினான். நபீசா கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை.

"தெரியும்."

"எப்ப?"

"வந்த அன்னிக்கே. அடுத்தவங்க வண்டிய யாரும் அப்புடிப் பாக்க மாட்டாங்க. மறுநாளே பங்கஜவல்லி தேங்கா வாங்க வந்துச்சு. அது வீட்டுக்காரரு சோமசேகரன்தானே இழுத்துட்டு வந்தது, எல்லாத்தையும் சொல்லிடுச்சு."

"தெரிஞ்சுமா இத்தன நாளு என்னை அலைய விட்டே?"

"நீங்களா சொல்லட்டும்னு பாத்தேன்." அவள் குரல் தணிந்தது. "அவ்வளவு தூரத்துலேர்ந்து நீங்க எழுதுன ஒவ்வொரு கடுதாசியும் நம்புனேன். ஒண்ணுல கூட எனக்குச் சந்தேகம் வந்ததில்ல. பக்கத்துல வந்து உக்காந்துதான் பொய் சொல்ல ஆரம்பிச்சிருக்கீங்க."

அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்தார். பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்: "இந்த வீட்டுல எனக்குன்னு ஒண்ணு இருந்தா நல்லா இருக்கும்னு தோணுச்சு. அவ்வளவுதான்."

நபீசா அவரை நிமிர்ந்து பார்த்தாள். இதை அவள் எதிர்பார்க்கவில்லை.

"இருக்கட்டும். வண்டி உங்களோடதுதான். அதுல நான் பங்கு கேக்கல."

"தோப்புல நிக்கலாமா?"

"நிக்கட்டும்."

"திங்கக்கெழமை போகலன்னா ரோட்டு வேலை போயிடும் நபீசா. சோமசேகரன வேற இனிமேதான் பேசி முடிக்கணும்."

"அதெல்லாம் போன வாரமே முடிஞ்சிடுச்சு. நானும் பங்கஜவல்லியும் பேசிட்டோம். டிராக்டரு அவங்களோடது, டிரெய்லரு நம்மளோடது, வர்றதுல பாதிப் பாதி. ஓவர்சீயருகிட்டயும் சோமசேகரன் போயி சொல்லிட்டாரு."

முத்து முகம்மதுவுக்கு மூச்சு வந்தது. எப்படியோ காரியம் கைகூடிவிட்டது. கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, நாற்காலியை எந்த வெயிலுக்கும் பயப்படாமல் தான் விரும்பிய இடத்தில் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்தார். ஊர் திரும்பிய பிறகு முதல் தடவையாக அது முதலாளி உட்காருகிற தோரணையாக இருந்தது.

"அப்ப டிராக்டரை ஓட்டுறது சோமசேகரன்."

"ஆமா."

"பின்னால கைப்பிடியச் சுத்தி மண்ணைக் கொட்டுறதுக்கு ஒரு ஆளு வேணுமே. நல்ல தெம்பான ஆளா பாக்கணும்."

"பாத்தாச்சு. காலையில ஆறு மணிக்குத் தோப்புல நிக்கணும். சோறு நான் கட்டிக் குடுத்துடுறேன்."

நீட்டிய கால் தானாக மடங்கியது. "என்னை ஒரு வார்த்தை கேக்க வேணாமா நபீசா?"

"உங்களை நெனைக்காம இருப்பேனா" என்றாள் அவள், துடைப்பத்தை எடுத்துக்கொண்டே. "பங்கஜவல்லி எல்லா நாளும் வரணும்னுதான் சொல்லுச்சு. நான்தான் விடாப்பிடியா பேசி, வெள்ளிக்கெழமைக்கு உங்களுக்கு அரைநாள் லீவு வாங்கி வச்சிருக்கேன்."