திறக்காத பெட்டிக்கு நன்றி

கோல்டர் கிரீக், மொன்டானா

அன்புத் தங்கை இங்காவுக்கு,

அண்ணன் ஆர்லோ எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணி வெர்னாவும் மாடு கன்றுகளும் சுகம். பாஸ்டனில் நீயும், துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வேண்டும் என்று உன்னோடு வீடு வீடாக ஏறி இறங்கும் சிநேகிதிகளும் சுகமாக இருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன். சட்டம் வர வேண்டுமென்று மட்டும் வேண்டவில்லை.

நிற்க. கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய இரும்புப் பெட்டிக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். அது வந்த அன்று, "வாசக் கதவையே பூட்டாத ஊர்ல துப்பாக்கியப் பூட்டணுமாம், திருடன் வந்தா 'கொஞ்சம் இருப்பா, நம்பர் போட்டுட்டு வர்றேன்'னு சொல்லவா?" என்று உன்னைத் திட்டித் தீர்த்தேன். வெர்னா விடவில்லை. கைத்துப்பாக்கி இனி அதற்குள்தான் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பூட்டுக்கு எங்கள் கல்யாணத் தேதியை எண்ணாக வைத்து, "இதுக்காகவாவது ஞாபகம் வச்சுக்கோ மனுஷா" என்றாள்.

போன சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தேன், வெர்னா கோழிக்கூண்டுப் பக்கம் போயிருந்தாள், சமையலறையில் சட்டி உருண்டது, எட்டிப் பார்த்தால் ஒரு தடியன் ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறான். இதற்குத்தானே துப்பாக்கி வைத்துக்கொள்ள அரசியல் சாசனத்தில் உரிமை கொடுத்திருக்கிறான் என்று படுக்கையறைக்கு ஓடினேன். வேட்டைத் துப்பாக்கி வண்டியில் கிடக்கிறது, வண்டிக்குப் போக அவனைத் தாண்டணும். பெட்டியில் ஜூன் ஒன்பது போட்டேன், சிவப்பு விளக்கு. ஜூலை ஒன்பது, அதுவும் சிவப்பு. ஜன்னலைத் திறந்து வெர்னாவைக் கூப்பிட்டு, "நம்ம கல்யாணம் என்னைக்குடி நடந்துச்சு?" என்று கிசுகிசுத்தேன்.

"இத்தன வருஷம் என்கூடக் குப்ப கொட்டிட்டு என்கிட்டயே கேக்குறியா?"

"திருடன் வந்திருக்கான், தேதியச் சொல்லு."

"திருடன ஒரு நிமிஷம் நிக்கச் சொல்லு. நீ இப்ப என்ன தேதி போட்ட, அதச் சொல்லு. ஜூலையா? நமக்கு ஜூலையிலயா கல்யாணம் ஆச்சு?"

அப்போது சமையலறையிலிருந்து வாய் நிறையக் கோழிக்கறியோடு ஒரு குரல்: "செப்டம்பர் பதினாலுப்பா. அம்மா அழுறதுக்குள்ள போட்டுருங்க."

ராய்ஸ், இங்கா. என் மகன். உன் கட்சி பேசினான் என்பதற்காக போன நவம்பரில் நன்றியறிதல் நாள் விருந்தில், தட்டில் பாதி வான்கோழி இருக்கும்போதே, வெளியே போடா என்று நான் துரத்தின என் பிள்ளை. சமாதானம் பேசலாம்னு சொல்லாமக் கொள்ளாம வந்திருக்கான், பசி, நேரா அடுப்படிக்குப் போயிட்டான். நான் பெட்டி பக்கத்துலயே தரையில உக்காந்துட்டேன். தேதி மட்டும் முதல்லயே ஞாபகம் வந்திருந்தா நான் யாரு என்னன்னு கேட்டிருக்க மாட்டேன். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அவன் என்னைத் தூக்கி உக்கார வச்சு, சாப்பிடுங்கப்பான்னு மிச்சக் கோழியக் குடுத்தான். நான் அழுதுக்கிட்டே தின்னேன்.

என் பிள்ளையை எனக்குத் திருப்பிக் கொடுத்தது உன் பெட்டிதான். உன்னைத் திட்டிய வாயால் உன்னை வாழ்த்துகிறேன். நீ நன்றாக இரு, உன் மூட்டுவலி தீரட்டும், பாஸ்டன் பனி உன் வாசலில் குறைவாகவே விழட்டும்.

என்றும் நன்றியுள்ள அண்ணன்,
ஆர்லோ ஹாகன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன், சரியான தேதியைப் போட்டு, பூட்டிய பிறகு இன்றுதான் பெட்டியை முதன்முதலாகத் திறந்தோம். உள்ளே உத்தரவாதச் சீட்டு மட்டும் இருக்கிறது. துப்பாக்கியை நான் வைத்தேன் என்று வெர்னா நினைத்திருக்கிறாள், அவள் வைத்தாள் என்று நான். வண்டி, வைக்கோல் கொட்டகை, மாவு டப்பா எல்லாம் தேடியாச்சு, காணோம். அது எந்த நேரம் என் கைக்குக் கிடைக்குமோ, ஈஸ்டருக்கு நீ வரும்போது ரோட்டிலேயே நின்று ஹாரன் அடி, பெயரைச் சொல்லு, நான் பதில் குரல் கொடுத்த பிறகு உள்ளே வா.