லிஃப்ட் இறங்குவதற்குள் ஒரு குரல் பதிவு

சிங்கப்பூரில் கெட்டிக்கார வக்கீல்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இன்டர்வியூ முடிந்து லிஃப்ட் கீழே இறங்குவதற்குள், கேட்ட கேள்விகளையெல்லாம் போட்டியாளர்களுக்கே ஒப்பித்த மகானுபாவன் ஒருவன்தான். அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் 'யுவர் ஆனர்'. டீ வாங்கும்போதும் அப்படித்தான் ஆரம்பிப்பான்: "யுவர் ஆனர், ஒரு தே தாரிக்!"

சட்டப் படிப்பின் கடைசி ஆண்டு. வக்கீல் அலுவலகங்களில் பயிற்சி இடத்துக்காக ஆறு பேர் நாயாக அலைந்தோம். வகுப்பில் மற்றவர்கள் எங்கே விண்ணப்பித்தார்கள் என்பதற்குக்கூட வாய் திறக்க மாட்டார்கள். இவனோ வாட்ஸ்அப் குழு தொடங்கி விதி போட்டான். கேள்வி தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும். நிராகரித்தாலும் அன்றே சொல்ல வேண்டும்.

சனிக்கிழமைகளில் தேக்கா சந்தைப் பரோட்டா கடையில் இன்டர்வியூ ஒத்திகை. டி-ஷர்ட்டுக்கு மேல் டை கட்டி உட்காருவான். பதில் 'யுவர் ஆனர்' என்றுதான் தொடங்க வேண்டும், அப்போதுதான் நடுக்கம் போகுமாம். ஒருநாள் கடைக்கார அண்ணனையும் கேள்வி கேட்க வைத்தான்.

"ஏம்மா, மாவு பிசையத் தெரியுமா?"

"யுவர் ஆனர், தெரியாதுண்ணே."

"பொய் சொல்லல. சேத்துக்கலாம்!"

என் விண்ணப்பக் கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "அடிப்பாவி! இந்த ஆபீஸுக்கு அனுப்புறே, உள்ள வேற ஆபீஸ் பேரு இருக்கு லா!" அதற்குள் எனக்கு ஒன்பது நிராகரிப்புகள். பழைய கடிதங்களைத் திறந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

பத்தாவது, தஞ்சோங் பகாரில் ஒரு வக்கீல் அலுவலகம். இருந்தது ஒரே இடம். அவனையும் என்னையும் ஒரே நாளில் அழைத்திருந்தார்கள். காலையில் அவன் முடித்ததுமே குரல் பதிவு வந்துவிட்டது. ஐந்து கேள்விகள், கூடவே ஓர் உபதேசம்: "இடது பக்க மேடம் சிரிக்கவே மாட்டாங்க, பயந்துடாத. ஏசி குளிரும், ஜாக்கெட் போட்டுக்க."

மதியம் உள்ளே போனேன். முதல் கேள்விக்கே பழக்க தோஷத்தில் "யுவர் ஆனர்" என்றுவிட்டேன்.

மேடம் நிமிர்ந்தார். "காலையில் வந்தவரும் இப்படித்தான் ஆரம்பித்தார். உங்களுக்கு அவர் யார்?"

மழுப்பியிருக்கலாம். மனசு வரவில்லை. கேள்விகளை அவன் அனுப்பியது முதல் பரோட்டா கடை வரை கொட்டிவிட்டேன்.

"இருப்பது ஓர் இடம். உங்களுக்கும் சொன்னாரா?"

"எங்கள் குழுவில் எல்லோருக்கும் சொன்னார்."

மேடம் சிரித்தேவிட்டார்.

இடம் அவனுக்குக் கிடைத்தது. எனக்குப் பத்தாவது நிராகரிப்பு; மேடமே கூப்பிட்டு இரண்டையும் சொன்னார். அழுதேன், மறைப்பானேன். ஆனால் எல்லாவற்றையும் தம்பட்டம் அடிப்பவன் அன்று மூச்சே விடவில்லை. அதனால் நானே குழுவில் குரல் பதிவு போட்டேன்: "யுவர் ஆனர், நம்ம ஆளு ஜெயிச்சாச்சு லா!"

மறுநாள் காலை புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து கிளம்பி, புக்கிட் பாத்தோக்கில் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். கழுத்தில் அதே டை.

"பதினொண்ணாவதுக்கு எப்ப தயாராகப் போற?"

பதினொன்றாவதில் எனக்கும் இடம் கிடைத்தது. இன்று நீதிமன்றத்தில் எழுந்து நின்று "யுவர் ஆனர்" என்று தொடங்கும்போதெல்லாம், நீதிபதிக்கும் முன்னதாக அவன் முகம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.