வீட்டில் இல்லாத ஹார்ட்டன் அம்மாள்

அன்றைக்கு எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். ரங்கூனில் கொக்கைன் என்ற பேட்டைப் பக்கம் போய், ஒரு வெள்ளைக்கார அம்மாளிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டு வர வேண்டும்.

அரைமணி நேர வேலை. எனக்கு ஐந்து நாள் பிடித்தது.

விஷயம் இதுதான். ரங்கூனுக்கு வந்த நாளாக நானும் என் மனைவி தங்கமும் பசுண்டானில் ஒரு மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். கீழே நாப்பிக் கிடங்கு. நாப்பி என்றால் பர்மியர் குழம்பில் கரைத்துப் போடும் மீன் விழுது. சாப்பிடுகிறவர்களுக்கு அது அமிர்தம். பானை பானையாக அடுக்கி வைத்து அதற்கு மேலே குடியிருப்பவர்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது. பெட்டியில் வைத்த பட்டுப்புடவையிலும் அது ஏறிவிடும். தங்கம் ஒன்பது வருஷம் பொறுத்தாள். பத்தாம் வருஷம் வாயைத் திறந்தாள்.

"ஒரு மல்லிகைச் செடி வச்சா அது மல்லிகை மாதிரி மணக்கணும். அப்படி ஒரு இடமாப் பாருங்க. வேற ஒண்ணும் கேக்கலே."

அவள் வேறு ஒன்றும் கேட்டதில்லை என்பது உண்மைதான். அதனால்தான் எனக்கு மனசு உறுத்தியது. தேடினேன். கிடைத்தது.

கொக்கைனில் முக்கால்வாசி வெள்ளைக்காரர் வீடுகள். வேலியை அளந்து வெட்டியிருப்பார்கள். புல்லைப் பார்த்தால் காலையில் யாரோ தலை வாரிவிட்டது போல இருக்கும். அங்கே ரயில்வே எஞ்சினியர் துரை ஒருவர் பென்ஷன் வாங்கிக்கொண்டு சீமைக்குக் கிளம்பினார். தன் மரவீட்டை விற்றுவிட்டுப் போக நினைத்தார். சின்ன வீடுதான், ஆனால் சுற்றிலும் மண். தங்கம் ஒரு நடை வந்து பார்த்து, மல்லிகைக்கு இடம்கூடக் குறித்துவிட்டாள்.

துரை வீட்டைக் காலிசெய்துவிட்டு ஊருக்குள் ஒரு ஹோட்டலில் தங்கியிருந்தார். அங்கே போய்ப் பேசினேன். எல்லாம் சரியென்று சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார்.

"என் வீட்டுக்கு வர்ற பாதை பக்கத்து வீட்டு ஹார்ட்டன் அம்மாவோட தோட்டத்து வழியா வருது. நீங்க அதுல நடக்கிறதுக்குச் சம்மதம்னு அவங்ககிட்ட ஒரு வரி வாங்கிட்டு வாங்க. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குள்ள வரணும். சனிக்கிழமை நான் கப்பல் ஏறறேன். நீங்க வரலேன்னா இன்னொருத்தர் காத்துக்கிட்டிருக்காரு, அவருக்கு எழுதிக் கொடுத்துடுவேன்."

"ஒரு வரிதானே துரை" என்றேன்.

திங்கட்கிழமை ஆபீஸ் விட்டதும் கிளம்பினேன். மூடின கோட்டு, ஜரிகைத் தலைப்பாகை. முதல்முதலாக ஒருவர் வீட்டுக்குப் போகும்போது வெறுங்கையோடு போகலாமா என்று தங்கம் ஒரு பித்தளைத் தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், தேங்காய் எல்லாம் வைத்துக் கொடுத்திருந்தாள். ட்ராமில் போய், பிறகு ரிக்‌ஷா பிடித்து, மடியில் தட்டோடு போய்ச் சேர்ந்தேன்.

கேட்டுத் தூணில் ஒரு தகரப்பெட்டி தொங்கியது. அதன் மேல் வெள்ளைச் சாயத்தில் அழகான இங்கிலீஷ் எழுத்து. 'மிஸ்ஸஸ் ஹார்ட்டன். வீட்டில் இல்லை.'

பெட்டிக்கு ஒரு வாயும் இருந்தது. தபால் போடுவதற்கு என்று நினைத்துக்கொண்டேன்.

எவ்வளவு ஒழுங்கான ஜனங்கள் என்று வியந்தேன். எங்கள் ஆட்கள் வெளியே போனால் பூட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இவர்கள் வருகிறவன் ஏமாறக் கூடாதென்று எழுதியே வைக்கிறார்கள்.

தட்டை என்ன செய்வது? ஒருவருக்கென்று எடுத்துவந்த தாம்பூலத்தைத் திருப்பிக் கொண்டுபோக மனம் வரவில்லை. பெட்டிக்கு நேர் கீழே ஒரு வாழையிலைத் துண்டில் பழம், தேங்காய், வெற்றிலையை எடுத்து வைத்தேன். வீட்டைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினேன்.

"எங்க போயிருக்காங்களாம்?" என்று கேட்டாள் தங்கம்.

"அதை எழுதலே."

செவ்வாய்க்கிழமை மறுபடி தட்டு, மறுபடி ட்ராம். எழுத்து அப்படியே இருந்தது. இன்றைக்கு மட்டும் கேட்டு ஓரத்தில் காவல்கார தர்வான் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நரைத்த மீசைக்காரர். எனக்கும் அவருக்கும் பொதுவாக ஒரு உடைந்த இந்துஸ்தானி இருந்தது. அதைத் தமிழில் சொல்கிறேன்.

"உள்ள போங்க பாபு. அம்மா இருக்காங்க, டீ குடிக்கிறாங்க."

நான் சிரித்தேன். "பெரியவரே, அங்கே என்ன எழுதியிருக்கு?"

"எனக்குப் படிக்கத் தெரியாது பாபு."

"அதான் விஷயம். வீட்டில இல்லேன்னு போட்டிருக்கு."

"இப்பத்தான் நான் பார்த்தேனே."

"நீங்க பார்த்தது இருக்கட்டும். எழுத்துல இருக்கே."

நான் அரிசி மில் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தா. ஒரு மனிதன் நேரில் வந்து நின்று நான்தான் கந்தசாமி என்று சொன்னாலும், பதிவேட்டில் கந்தசாமி விடுப்பு என்று இருந்தால் அவன் விடுப்புத்தான். அந்தப் பழக்கத்தில், எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் பேச்சைக் கேட்டு எஜமானி இல்லாத வீட்டுக்குள் நுழைவதா என்று அவருக்கு ஒரு சின்னப் பிரசங்கமே செய்தேன். பழத்தை இலையில் வைத்தேன். கும்பிட்டேன். திரும்பினேன்.

புதன்கிழமை தங்கம் முகம் வாடிவிட்டது. "ஏதோ தடங்கல். போற வழியில பிள்ளையாருக்கு ஒரு தேங்கா உடைச்சிட்டுப் போங்க" என்றாள். ஆபீஸில் நேரமாகிவிட்டது, கோவிலுக்குப் போக முடியவில்லை. தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டு வரைக்கும் வந்துவிட்டேன். எங்கே உடைத்தாலும் அவர் கணக்கில் வைத்துக்கொள்வார் என்று, பெட்டிக்குக் கீழே இருந்த கல்லில் ஓங்கி ஒரு போடு போட்டேன்.

உள்ளே அதுவரை பியானோ சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சட்டென்று நின்றது. ஒரு நாய் குரைத்தது. வராந்தாவில் வைக்கோல் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மாள் வந்து நின்று என்னையே பார்த்தார்.

யாரோ விருந்தாளி என்று முடிவு செய்தேன். வீட்டுக்காரி இல்லாத நேரத்தில் பியானோவைத் தட்டிக்கொண்டிருக்கிறார், ஹார்ட்டன் அம்மாளுக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்று கவலைகூடப் பட்டேன். அவருக்கும் ஒரு கும்பிடு போட்டேன். அவர் மெதுவாகத் தலையைக் குனிந்தார்.

வியாழக்கிழமை போனபோது எல்லாம் மாறியிருந்தது.

பெட்டியின் கீழே சுத்தமாகப் பெருக்கியிருந்தது. பெட்டியின் மேல் ஒரு வெள்ளை ரோஜா. தரையில் ஒரு புதுப்பாய். வீட்டு ஜன்னல் திரையெல்லாம் இழுத்து மூடியிருந்தது. பியானோ இல்லை. நாயைக்கூட எங்கேயோ கட்டிவிட்டார்கள். தர்வான் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"அம்மா எப்ப வருவாங்க?"

அவர் உதட்டில் விரலை வைத்தார். பிறகு கையைக் கூப்பித் தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு விளக்கம் வேண்டுமா?

பாயில் ஐந்து நிமிஷம் மௌனமாக உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்து, "தங்கம், அந்த அம்மா போய்ச் சேர்ந்துட்டாங்க" என்றேன்.

"ஐயோ பாவம். நீங்க முகத்தைக்கூடப் பாக்கலையே." சிறிது நேரம் கழித்து மெதுவாகக் கேட்டாள். "வாரிசுன்னு யாராவது இருப்பாங்க இல்லே?"

கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. சாவு வீட்டில் போய் நடைபாதைக்குக் கையெழுத்துக் கேட்பதா? ஆனால் அவள் எழுந்து போய், காற்று வருமென்று திறந்த ஜன்னலை நாப்பி வாசனைக்குப் பயந்து மறுபடி மூடினாள். போவது என்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை சீக்கிரமே ஆபீஸில் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். துரைமார் வழக்கப்படி கையில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டேன். பூக்காரி மா சேனிடம் வெள்ளைப் பூவில் ஒரு வளையம் கட்டச் சொல்லி வாங்கிக்கொண்டேன். அதைக் கொண்டுபோய்ப் பெட்டியின் மேல் மாட்டி, தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"மன்னிக்கணும். இன்னிக்கு என்ன பண்டிகை?"

திரும்பினேன். வைக்கோல் தொப்பி விருந்தாளி, கையில் தோட்டக் கத்திரிக்கோலோடு.

"பண்டிகை இல்லீங்க. துக்கம்" என்றேன், என் ஆபீஸ் இங்கிலீஷில்.

"அடடா. யார் தவறிப்போனாங்க?"

"ஹார்ட்டன் அம்மா."

"எப்போ?"

"நேத்துன்னு நினைக்கிறேன்."

அவர் சற்று யோசித்தார். "எனக்கு யாருமே சொல்லலையே. நான்தான் ஹார்ட்டன்."

கையிலிருந்த தலைப்பாகையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மறுபடி தலையில் வைத்தேன். அது பின்பக்கம் முன்னால் வந்தது. பிறகு பெட்டியைக் காட்டினேன்.

"வீட்டில இல்லேன்னு எழுதியிருந்ததுங்களே."

"அது எப்பவுமே எழுதியிருக்குமே. வருஷம் பூரா நான் வீட்டிலதான் இருக்கேன். புதுசா இந்தப் பக்கம் வர்றவங்க தங்களோட பேர் போட்ட சீட்டை அந்தப் பெட்டியில போட்டுட்டுப் போவாங்க. யாரும் யாரையும் பார்க்க வேண்டியதில்லை. பார்த்த மாதிரி ஆயிடும். எங்க வழக்கம்."

பத்து வருஷம் துரைமாரோடு வேலை பார்த்திருக்கிறேன். இந்த விஷயத்தை ஒருவரும் எந்தக் கடிதத்திலும் குறிப்பிட்டதில்லை.

"அப்போ இந்தப் பாய்?"

"உங்களுக்குத்தான். முதல் நாளே பழம் வச்சுக் கும்பிட்டதைப் பார்த்தேன். என் பெட்டியில அப்படி என்ன கண்டீங்கன்னு எனக்குப் புரியலே. ஆனா ஒருத்தர் பக்தியில நாம தலையிடக் கூடாது பாருங்க. நீங்க வர்ற நேரத்துல யாரும் பேசக் கூடாதுன்னு தர்வானுக்குச் சொல்லிவச்சேன். பியானோவையும் நிறுத்தினேன். வாழைப்பழம் நல்லா இருந்தது. பக்கத்து வீட்டை வாங்கப் போறவர் ஒருத்தர் வருவார்னு எஞ்சினியர் சொன்னார், அவர்தான் இன்னும் சீட்டுப் போடலே."

"அது நான்தானுங்க."

ஹார்ட்டன் அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். கறுப்புத் துணி, திரும்பிய தலைப்பாகை, பக்கத்தில் அவருடைய மலர்வளையம். மல்லிகைச் செடி என் கண் முன்னாலேயே பட்டுப்போனது. மணி ஐந்தைத் தாண்டியிருந்தது.

கத்திரிக்கோலைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு உள்ளே போனார். ஒரு காகிதத்தோடு வந்தார். ஒட்டவில்லை, மடித்திருந்தது. அவ்வளவுதான், வீடு கைவிட்டுப் போனது என்று நினைத்து வாங்கிக்கொண்டேன்.

ரிக்‌ஷாவில் பிரித்துப் படித்தேன்.

'அன்புள்ள எஞ்சினியருக்கு, இவர் தாராளமாக என் பாதையில் நடக்கலாம். ஐந்து நாள் வந்தார். ஒருமுறைகூட மணியை அடிக்கவில்லை, கூப்பிடவில்லை, உள்ளே வரவில்லை. பழம் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். இருபது வருஷமாக இப்படி ஒரு அண்டை வீட்டுக்காரருக்காகத்தான் காத்திருக்கிறேன்.'

ஆறு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது துரை அதைப் படித்தார். இரண்டு தடவை படித்தார். பிறகு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மாதம் நல்ல நாள் பார்த்துக் குடிபோனோம். பால் காய்ச்சிச் சர்க்கரைப் பொங்கல் வைத்ததும் தங்கம் ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடிக்கொண்டாள்.

"பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துட்டு வந்துடறேன். அந்த அம்மா இருக்காங்களான்னு பாருங்க."

வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தேன். ஹார்ட்டன் அம்மாள் வராந்தாவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"இல்லை" என்றேன்.