எர்மோன் அறையின் ஈரத் துணிகள்

ஒழுங்காக இருப்பவர்கள் எல்லாரும் சுத்தமானவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எங்களில் பாதிப் பேர் ஒளித்து வைப்பதில் கெட்டிக்காரர்கள், அவ்வளவுதான். இதை இவ்வளவு துணிந்து சொல்லக் காரணம், எங்கள் திருச்சபை வாலிபர் முகாமில் இந்த உண்மை என்னை வைத்தே, எல்லார் முன்னிலையிலும் நிரூபிக்கப்பட்டது.

படப்பைக்கு உள்ளே ஒரு மாந்தோப்பில் மே மாதம்தோறும் அந்த முகாம் நடக்கும். தாம்பரத்துப் பள்ளி ஆசிரியர்கள் சிலர் கீற்றுக் கொட்டகை போட்டு, பிள்ளைகளைப் பாயில் படுக்கவைத்து ஆரம்பித்தது. இப்போது கட்டில், மின்விசிறி எல்லாம் வந்துவிட்டன. மனப்பாடப் போட்டி போய், கிட்டார் வகுப்பும் நாடகமும் வந்துவிட்டன. அன்றிலிருந்து இன்றுவரை மாறாமல் நிற்பது அறைச் சோதனை ஒன்றுதான். (ஆரம்பித்தவர்கள் ஆசிரியர்கள் ஆயிற்றே, வேறென்ன செய்வார்கள்!)

அறைகளுக்கெல்லாம் எர்மோன், தாபோர், கர்மேல் என்று வேதாகம மலைகளின் பெயர். தினமும் மதிப்பெண் உண்டு. கடைசி நாள் மதியம் பிரியாணி. மொத்த மதிப்பெண்ணில் எந்த அறை கடைசியோ, அந்த அறைக்காரர்கள் பிரியாணி அண்டாவைக் கழுவ வேண்டும். அது சாதாரண அண்டா அல்ல. உள்ளே இறங்கி நின்று தேய்க்க வேண்டிய அண்டா. எர்மோன் அறைப் பையன்கள் வருஷா வருஷம் அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருடம் எர்மோனுக்குப் பொறுப்பாளராக நான் போனேன். அலமாரியில் சட்டைகளை நிறவாரியாக அடுக்குகிறவன், தினமும் டைரி எழுதுகிறவன். என்னை மிஞ்சிய தகுதி யாருக்கு இருக்கிறது?

அதே முகாமில் தாபோர் அறையில் இடம் கிடைத்திருந்த என் மகள் ஜெனி மட்டும் நம்பவில்லை. "எர்மோனாப்பா? போறப்போ விம் சோப்பு ஒண்ணு வாங்கிட்டுப் போங்க" என்றாள்.

முதல் நாளே பையன்களை உட்காரவைத்து, ஒவ்வொரு துணியிலும் அழியாத மார்க்கரால் அறையின் பெயரையும் தங்கள் பெயரையும் எழுதச் சொன்னேன். துணி மாறிப்போகக் கூடாதல்லவா?

"அங்கிள், ஜட்டிலயுமா?" என்று கேட்டான் ஜெரால்டு. அறையிலேயே வாய் அதிகம் உள்ளவன்.

"அதுலதான்டா முக்கியமா."

முன்மாதிரியாக இருக்க வேண்டுமே என்று என் துணிகளிலும் எழுதினேன். எனக்குப் பெயர் எதற்கு, பதவி போதாதா? 'எர்மோன் – பொறுப்பாளர்' என்று அழகான கையெழுத்தில் எழுதினேன்.

கடைசி நாள் காலை நாங்களும் கர்மேல் அறையும் சமமாகக் கடைசியில் நின்றோம். அன்றைய சோதனையில் ஜெயித்தால் அண்டாவிலிருந்து தப்பிக்கலாம். ஆனால் விடிந்ததும் விளையாட்டு மைதானத்தில் தண்ணீரை அடித்துச் சேற்றில் கபடி ஆடவிட்டார்கள். ஆட்டம் முடிந்து குளித்துவிட்டுப் பையன்கள் வேதபாடத்துக்கு ஓடிவிட்டார்கள். அறையில் நானும் ஒரு மலை ஈரத் துணியும் மிஞ்சினோம். நானும் ஆடியிருந்ததால் என் துணியும் அதில் அடக்கம்.

கட்டிலுக்கு அடியில்தான் சோதிப்பவர்கள் முதலில் குனிவார்கள். அலமாரியைத் திறப்பார்கள். கொடியில் காயப்போடலாம் என்றால் கர்மேல்காரர்கள் முந்திக்கொண்டு முழுக் கொடியையும் பிடித்துவிட்டார்கள். அப்போதுதான் சமையலறை ஓரத்தில் நின்ற முகாம் வேன் கண்ணில் பட்டது. ஓட்டுநர் மாரி சமையலறைக்குள் டீ குடித்துக்கொண்டிருந்தார். கடைசி சீட்டுக்குப் பின்னால் துணிகளைக் குவித்து, மேலே ஒரு போர்வையைப் போட்டு மூடினேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிக நேர்த்தியான வேலை அது.

திரும்பி வந்து வாளிகளை நிறம் பார்த்து அடுக்கினேன். செருப்புகளை அளவு பார்த்து வரிசைப்படுத்தினேன். அந்த மும்முரத்தில், ஒலிபெருக்கியில் என்னமோ அறிவித்தது காதில் ஏறவில்லை.

நிமிர்ந்தபோது வேன் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"மாரி! மாரி!" என்று இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு ஓடினேன். மாரி கண்ணாடியில் என்னைப் பார்த்து, அன்போடு பதிலுக்குக் கை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

வேதபாடம் முடிந்து வந்த ஜெரால்டு விஷயத்தைச் சொன்னான். "அங்கிள், இன்னிக்கு இன்ஸ்பெக்‌ஷனுக்கு வெளியேர்ந்து கிரேஸ் டீச்சர்னு ஒருத்தங்க வராங்களாம். ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ். கூட்டிட்டு வரத்தான் வேன் சேலையூர் போயிருக்கு."

முகாமை ஆரம்பித்த ஆசிரியர்களில் ஒருவரின் மகள் அவர். வரவேற்க முகாமே மாமரத்தடியில் வரிசையாக நின்று பாடிக்கொண்டிருந்தபோது வேன் வந்தது. டீச்சர் இறங்கினார். கஞ்சி போட்ட காட்டன் சேலை. தோளில் சேற்று நிறத்தில் ஒரு டவல். பாட்டு தானாக நின்றது.

மாரி குதித்து இறங்கினார். "இன்னா சார் இது! முடிச்சூராண்ட ஸ்பீடு பிரேக்கர்ல ஒரு பிரேக்கு போட்டேன். மூட்டை மொத்தம் டீச்சர் மேல சரிஞ்சிக்கினு வந்துச்சி. பேஜாராப் பூட்சி சார் எனக்கு!"

டீச்சர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. ஒரு பனியனை எடுத்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கும் குரலில் வாசித்தார்.

"எர்மோன், ஜெரால்டு."

"உள்ளேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டான் அந்தப் பாவி, பழக்கதோஷத்தில். போய்ப் பனியனை வாங்கிக்கொண்டு வந்தான். அடுத்தவன் போனான். அதற்கடுத்தவன். ஒரு துணிகூட மாறவில்லை. என் மார்க்கர் அவ்வளவு துல்லியமாக வேலை செய்தது.

கடைசியாக ஒரு பட்டாப்பட்டி டிராயரை இரண்டு விரலால் தூக்கினார்.

"எர்மோன், பொறுப்பாளர்."

நான் மாமரத்தில் காய்களை எண்ண ஆரம்பித்தேன். தாபோர் வரிசையிலிருந்து என் மகளின் குரல் கேட்டது. "அப்பா, உள்ளேன் சொல்லுங்கப்பா."

சொன்னேன். போய் வாங்கிக்கொண்டும் வந்தேன்.

டீச்சர் மற்ற அறைகளை முடித்துவிட்டு, கடைசியாக எர்மோன் அறைக்குப் போனார். வாளிகளைப் பார்த்தார், செருப்புகளைப் பார்த்தார், கட்டிலுக்கு அடியில் குனிந்தும் பார்த்தார். "ரூமுக்கு முழு மார்க்கு" என்றார். பையன்கள் ஆர்ப்பரித்தார்கள். "வேனுக்குப் பூஜ்யம். ஆக, எர்மோன்தான் கடைசி." பையன்களின் முகம் தொங்கியது. அண்டா நினைவு வந்திருக்கும்.

"வேன்ல துணியை வெச்சது யாரு?"

"நான்தான் டீச்சர். பசங்களுக்குத் தெரியாது."

"அப்போ பசங்க போய்ச் சாப்பிடட்டும். அண்டாவைப் பொறுப்பாளர் கழுவட்டும்."

தனியாக உள்ளே இறங்கினேன். எர்மோன் பையன்கள் சுற்றி நின்று, அத்தனை வருடப் பாக்கியையும் கைதட்டித் தீர்த்துக்கொண்டார்கள். மாரி மேலிருந்து தண்ணீர் ஊற்றினார். "நல்லா தேய் சார், அடி புடிச்சிகீது." அன்றைய டைரியில் 'வெயில் அதிகம்' என்று மட்டும் எழுதினேன்.

முகாமின் நிகழ்ச்சி நிரலில் இப்போது 'அறைச் சோதனை'க்குக் கீழே 'வேன் சோதனை' என்று ஒரு வரி உண்டு. முகாமின் வரலாற்றில் என் பங்களிப்பு அது.

வீட்டிலும் நிலைமை அதேதான். விருந்தாளிகள் வரும் நாளில் ஹால் பளிச்சென்று இருந்தால் என் மனைவி பாராட்டுவதில்லை. கையை நீட்டி, "கார் சாவி எங்க?" என்கிறாள். பெரும்பாலும் நான் கொடுப்பதில்லை.